வெள்ளைப் பலகையில் ஐந்து நொடி

அன்று காலை முதல் ட்ரேயிலேயே பதினொரு குப்பிகளை ஒதுக்கினேன். வழக்கமாக ஒரு ட்ரேக்கு ஒன்று ஒதுங்கும், மிஞ்சிப்போனால் இரண்டு. பதினொன்று என்றால் மருந்து நிரப்பும் அறையில் யாரோ ஏனோதானோவென்று வேலை பார்க்கிறார்கள் என்று அர்த்தம். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

எங்கள் வேலையை வெளியாட்களுக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கட்டைவிரல் உயரத்தில் ஒரு கண்ணாடிக் குப்பி. உள்ளே தண்ணீர் மாதிரித் தெளிந்த ஊசிமருந்து. வாயில் சாம்பல் நிற ரப்பர் மூடி. நிரப்பி மூடிய குப்பிகள் ட்ரே ட்ரேயாக எங்களிடம் வரும். ஆளுக்கு ஒரு தடுப்பு, தலைக்கு மேலே குழல்விளக்கு, எதிரே ஒரு பலகை. பலகையில் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. குப்பியைக் கழுத்தில் பிடித்து மெல்லச் சுழற்றி, கறுப்புக்கு முன்னால் ஐந்து நொடி, வெள்ளைக்கு முன்னால் ஐந்து நொடி பார்க்க வேண்டும். கறுப்பில் கண்ணாடித்தூள் மினுக்கும். வெள்ளையில் நூலிழையும் ரப்பர்த் துணுக்கும் கறுத்துத் தெரியும். ஒன்றும் இல்லையென்றால் வலது பக்க ட்ரே, இருந்தால் இடது பக்கம் சிவப்பு ட்ரே. பாட்டிலைப் பார்ப்பதற்கெல்லாம் சம்பளமா என்று என் வீட்டுக்காரரின் நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்கு அன்று டீ கிடைக்கவில்லை.

ஒன்று மட்டும் செய்யவே கூடாது. குலுக்கக் கூடாது. குலுக்கினால் காற்றுக்குமிழி கிளம்பும், குமிழிக் கூட்டத்தில் அழுக்கு ஒளிந்துகொள்ளும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் ஒரு குப்பியைக் குலுக்கிவிட்டு வாங்கிய திட்டு இன்னும் காதில் நிற்கிறது. பிறகு என் அண்ணியை அதே பிரிவில் சேர்த்துவிட்டு, பக்கத்துத் தடுப்பில் உட்கார வைத்தபோது நான் அவருக்குச் சொன்ன முதல் வார்த்தையும் 'குலுக்காதீங்க' என்பதுதான். அண்ணனைக் கட்டி வந்தவருக்கே வாத்தியார் வேலை பார்த்தவள் நான்.

பதினாறு வருஷம். என்னைக் கடந்து ஒரு தூசி போனதில்லை என்று ஆலையில் பேச்சு. கழுகு என்று பெயர் வைத்திருந்தார்கள். வெளியே சலித்துக்கொண்டாலும் உள்ளுக்குள் எனக்கு அது இனிக்கத்தான் செய்தது.

அந்தப் பதினொரு குப்பிகளிலும் கறுப்புப் பலகையில் ஒன்றும் இல்லை. வெள்ளைப் பலகைக்கு வந்ததும் சின்னச் சின்னக் கறுப்புத் துணுக்குகள் மிதந்தன. ரப்பர் மூடி உதிர்கிறது என்று சூப்பர்வைசரிடம் அடித்துச் சொன்னேன். கழுகு சொல்லிவிட்டாள் என்றதும் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. வேலையை நிறுத்தினார்கள். மூடிகள் வந்த பெட்டிகளையெல்லாம் இறக்கிச் சோதித்தார்கள். நிரப்பும் அறை ஆட்கள் மூன்று நாள் குழாய்களைக் கழற்றிக் கழுவிக்கொண்டே இருந்தார்கள். சாப்பாட்டுக்கூடத்தில் அவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் என் தட்டே கருகியிருக்க வேண்டும்.

நான் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. என் இடது கண் அப்போது பன்னிரண்டு நாளாகச் சிவந்திருந்தது.

சாதாரணக் கண்வலி இல்லை என்று எனக்கே தெரிந்திருக்க வேண்டும். பீளை கட்டவில்லை, இமை ஒட்டவில்லை, அரிப்பும் இல்லை. கருவிழியைச் சுற்றி மட்டும் வளையமாக ஒரு சிவப்பு. உள்ளே ஆழத்தில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல் ஒரு வலி. வெளிச்சம் ஆகவில்லை. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் குழல்விளக்கைப் பார்த்தால்கூட, பொத்திய கண்தான் வலித்தது. அந்த வினோதம் என்னைப் பயமுறுத்தியது. பயத்தை அப்படியே மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

கண் சிவந்தால் ஷிஃப்ட் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும் என்பது விதி. சொன்னால் பலகை முன்னால் உட்கார விட மாட்டார்கள். மாதக் கடைசியில் எங்களுக்கு அரையாண்டுக் கண் பரிசோதனை வேறு இருந்தது. அதில் தேறாதவர்கள் அட்டைப்பெட்டி ஒட்டும் பிரிவுக்குப் போய்விடுவார்கள். அப்படிப் போன இரண்டு பேரை எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர்கள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. அதனால் கேட்டவர்களிடம் சோப்பு நுரை பட்டுவிட்டது என்றேன். மருந்துக்கடையில் சிவப்பை வெளுக்கும் சொட்டு ஒன்று வாங்கி, ஆலை வாசலுக்கு வருமுன் போட்டுக்கொண்டேன். ஒரு மணி நேரம் கண் வெளுப்பாக இருக்கும். அண்ணி மட்டும் முகத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டு, வெள்ளரிக்காயை வெட்டிக் கண்மேல் வைக்கச் சொன்னார். அவருக்கு உலகத்தில் எல்லா வியாதிக்கும் வெள்ளரிக்காய்தான்.

நான்காம் நாள் காலையில் தரப் பரிசோதனை அதிகாரி என் தடுப்புக்கு வந்தாள். இருபத்தாறு வயது, பார்த்தால் பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி இருப்பாள். குட்டி மேடம் என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். நான் ஒதுக்கிய குப்பிகளை உடைத்து வடிகட்டி நுண்ணோக்கியில் பார்த்தார்களாம். ஒன்றிலும் ஒன்றும் இல்லையாம். அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. கையில் இருபது குப்பிகள் அடுக்கிய ட்ரே இருந்தது. குப்பிகளின் அடியில் எண் ஒட்டியிருந்தது. இதை ஒரு தடவை பாருங்கள் என்றாள்.

பார்த்தேன். ஒன்பதை ஒதுக்கினேன். அவள் எண்களைக் குறித்துக்கொண்டு, குப்பிகளைக் கலைத்து அடுக்கி மறுபடி தந்தாள். இந்தத் தடவை எட்டு. அவள் எண்களை ஒத்துப் பார்த்தாள். முதல் தடவை ஒதுக்கியதில் மூன்றுதான் இரண்டாவதிலும் இருந்தது.

"அக்கா, இடது கண்ணை மூடிட்டு ஒரு தடவை பாருங்க."

மூடினேன். குப்பி பளிங்கு மாதிரி இருந்தது.

"இப்ப வலதை மூடுங்க."

துணுக்குகள் வந்துவிட்டன. நான் குப்பியை நகர்த்தாமலே அவை நகர்ந்தன. கண்ணை மேலே தூக்கினால் மேலே வந்தன, நிறுத்தினால் மெல்லக் கீழே இறங்கின. குட்டி மேடம் என் விரல்களிலிருந்து குப்பியை எடுத்துக்கொண்டாள். என் முன்னால் வெறும் வெள்ளைப் பலகை. அதிலும் அவை மிதந்துகொண்டிருந்தன.

அந்த நிமிடத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நான்கு நாளாக ஒரு ஆலையையே நிறுத்தி, பத்துப் பேரைக் குழாய் கழுவ வைத்து, ஊரெல்லாம் தேடவிட்ட அழுக்கு எனக்குள் இருந்தது. என் கண்ணுக்குள் ஏதோ உதிர்ந்து மிதக்கிறது. எதை வேண்டுமானாலும் கழுவிவிடலாம், கண்ணின் உட்புறத்தை எப்படிக் கழுவுவது? எத்தனை நாளாக என்று குட்டி மேடம் கேட்டாள். பதினைந்து என்றேன். அவள் திட்டியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் என் கைப்பையை எடுத்து வந்து தந்தாள். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, என் தடுப்பின் குழல்விளக்கை நானே அணைத்தேன்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பாதி வேலையில் விட்டுவிட்டு, கையில் கிரீஸோடு வந்து என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனார்.

டாக்டர் அதிகம் பேசாதவர். ஐம்பது வயதிருக்கும். இருட்டு அறையில் ஒரு கருவியின் முன்னால் என் தாடையைத் தாங்கியில் வைக்கச் சொன்னார். விளக்கை ஒல்லியான கோடாக்கிச் சாய்வாக என் கண்ணுக்குள் விட்டார். கண்ணீர் கொட்டியது. அவர் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் லேசாக அசைந்தது. அந்த அசைவு எனக்குத் தெரியும். எங்கள் பிரிவில் எல்லாருக்கும் அது உண்டு. என்ன எண்ணுகிறீர்கள் என்று கேட்டேன்.

"கண்ணுக்குள்ள முன்பக்கம் தண்ணி மாதிரி ஒரு திரவம் இருக்கும்மா. அது தெளிவா இருக்கணும். உங்களுக்கு அதுல அணுக்கள் மிதக்குது. அதைத்தான் எண்ணுறேன்."

நான் குப்பியாகிவிட்டேன். அவர் என்னைக் கழுத்தில் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார். எந்த ட்ரேயில் வைப்பார் என்று எனக்குத் தெரியாது. பதினாறு வருஷத்தில் நான் சிவப்பு ட்ரேயில் போட்ட எதற்கும் என் மனம் கலங்கியதில்லை. அந்த இருட்டு அறையில் அத்தனை குப்பிகளுக்காகவும் சேர்த்துக் கலங்கினேன்.

அவர் விளக்கைப் போட்டுவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். வெளித்தோலில் வரும் கண்வலி ஒட்டிக்கொள்ளும், பீளை கட்டும், பெரும்பாலும் தானாகப் போய்விடும். எனக்கு வந்திருப்பது கண்ணுக்கு உள்ளே அழற்சி. உடம்பைக் காவல் காக்க வேண்டிய அணுக்களே வழி தவறிக் கண்ணுக்குள் புகுந்து அடிக்கின்றன. சிலருக்குக் காசநோய் போன்ற தொற்றால் வரும், சிலருக்கு மூட்டு வியாதியோடு சேர்ந்து வரும், பாதிப் பேருக்கு எதனால் என்றே தெரியாது. காலையில் எழுந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறதா என்று கேட்டார். கண்ணுக்கு வந்தவளிடம் இடுப்பை விசாரிக்கிறாரே என்று எனக்கு எரிச்சல் வந்தது. ஆமாம், இரண்டு வருஷமாகப் பிடிக்கிறது, முதுகில்லாத ஸ்டூலில் உட்கார்ந்து வேலை செய்கிறவளுக்கு இடுப்பு பிடிக்காமல் என்ன செய்யும் என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார். ரத்தப் பரிசோதனை, நெஞ்சுக்கும் இடுப்புக்கும் எக்ஸ்ரே என்று ஒரு சீட்டு தந்தார்.

"முன்னாடியே வந்திருக்கணும். கண்பாப்பா பின்னால இருக்கிற லென்ஸோட ஒட்ட ஆரம்பிச்சிருக்கு. அப்படியே முழுசா ஒட்டிக்கிட்டா கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறிடும். பார்வை போகக்கூடிய வியாதி இது."

பார்வை என்ற சொல்லுக்குப் பிறகு எதுவும் என் காதில் ஏறவில்லை. வெளியே உதவியாளர் பெண் இரண்டு சொட்டு மருந்தைப் பற்றிக் கடகடவென்று ஏதோ சொன்னாள். சிவப்பு மூடி போட்டது கண்பாப்பாவை விரிக்க, நாளுக்கு மூன்று தடவை. வெள்ளை மூடி போட்டது அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டு. விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு தடவை, ஒன்றுகூட விடக் கூடாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது. இவ்வளவு நினைவிருக்கிறது. இன்னொன்றும் சொன்னாளாம். சொல்லியிருப்பாள்.

வெள்ளை மூடி மருந்து எங்கள் தெருக் கடையில் ஒரே ஒரு பாட்டில்தான் இருந்தது. கடைக்காரர் எத்தனை தடவை என்று எழுதிய சீட்டை அதன்மேல் குறுக்கே ஒட்டித் தந்தார்.

யாராக இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் மருந்தைக் கண்ணில் விட்டிருப்பார்கள். நான் முதல் சொட்டைக் கண்ணில் விடவில்லை. என் கைப்பேசியை அணைத்து மேசையில் வைத்து, அதன் கறுப்புக் கண்ணாடிமேல் விட்டேன். ஊசிமருந்துப் பிரிவில் பதினாறு வருஷம் இருந்தவளுக்குக் கை அப்படித்தான் போகும். சொட்டில் வெள்ளைத் துகள்கள் இருந்தன.

இடது கண்ணை மூடி, நல்ல கண்ணால் பார்த்தேன். இருந்தன. கைப்பேசியைத் திருப்பி வைத்தேன். அப்போதும் இருந்தன. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கும் தெரிந்தது. எனக்குள் இல்லாத ஒரு அழுக்கைப் பார்த்ததில் ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது. கழுகு இன்னும் சாகவில்லை.

மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம் என்றார் அவர். கடைக்காரரோ அடுத்த பாட்டில் வர இரண்டு நாளாகும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். உதவியாளர் பெண் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். அழுக்கைக் கண்ணில் விடவும் முடியாது, மருந்தை விடாமல் இருக்கவும் முடியாது. இந்த இக்கட்டுக்கு எனக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. துகள் கனமென்றால் அடியில் படியும். பாட்டிலை அலமாரியில் ஆடாமல் நிமிர்த்தி வைத்தேன். அரை மணி நேரம் கழித்துப் பூப்போல எடுத்து, சட்டென்று சாய்த்து ஒரே சொட்டு, உடனே நிமிர்த்தினேன். கறுப்புக் கண்ணாடிமேல் விழுந்த சொட்டு பனித்துளி மாதிரி சுத்தமாக இருந்தது.

"கழுகுன்னா சும்மாவா" என்றார் அவர்.

அதற்குப் பிறகு அந்த அலமாரிப் பக்கம் யாரும் போகக் கூடாது என்று உத்தரவு போட்டேன். மணிக்கொரு தடவை அவர் வைத்த அலாரம் அடிக்கும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாட்டிலை எடுப்பேன். ஒரு வேளைகூட விடவில்லை. என் வாழ்க்கையில் எந்த வேலையையும் அவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை.

கண் மோசமாகிக்கொண்டே போனது.

முதல் நாள் இடது கண்ணால் எதிர்வீட்டு ஜன்னல் கம்பிகளை எண்ண முடிந்தது. ஏழு. இரண்டாம் நாள் ஐந்துதான் எண்ண முடிந்தது, மூன்றாம் நாள் ஜன்னல் ஒரு வெளிச்சக் கட்டமாக மட்டும் தெரிந்தது. வலி புருவத்துக்கு ஏறி, அங்கிருந்து பின்மண்டைக்குப் போனது. வீட்டுக்காரர் எதிரே வந்து நின்றால் ஆவி படிந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர் மாதிரி இருந்தார். அவர் சிரிக்கிறாரா, பயந்திருக்கிறாரா என்றுகூடத் தெரியவில்லை. பிறகு எனக்கு இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. வலது கண்ணும் போய்விட்டால்? ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை இடதைப் பொத்தி வலதைச் சோதித்தேன். நல்ல கண்ணே பயத்தில் கலங்கிவிடும் அளவுக்குச் சோதித்தேன்.

நான்காம் நாள் பகலில் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு கூடத்திலிருந்து அடுப்படிக்கு நடந்து பார்த்தேன். எத்தனை அடி, கதவு நிலை எங்கே, அடுப்புக் குமிழ் எந்தப் பக்கம் திரும்பும் என்று கையால் தடவிப் பழகினேன். கெட்டுப்போனால் கெட்டுப்போகட்டும், முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்வோம் என்று ஒரு வீம்பு. திரும்பி வரும்போது காலில் இடிக்க வேண்டிய முக்காலி இடிக்கவில்லை. கண்ணைத் திறந்தேன். அவர் முக்காலியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு டாக்டரிடம் கிளம்பினோம்.

விளக்குக் கோடு மறுபடி உள்ளே வந்தது. இந்தத் தடவை டாக்டரின் உதடு அசையவில்லை. எண்ண முடியாத அளவுக்கு இருக்கிறது என்று புரிந்துகொண்டேன்.

"மணிக்கொரு தடவை போட்டீங்களா?"

"ஒண்ணுகூட விடல டாக்டர்."

"இதுக்குக் கேக்கணுமே."

அவர் நெஞ்சு எக்ஸ்ரேயை எடுத்துப் பார்த்தார், ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தார். நெஞ்சில் ஒன்றும் இல்லை. வேறு ஏதாவது தொற்றாக இருக்குமோ என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பெரிய ஆஸ்பத்திரி என்றார், மாத்திரை என்றார், கண்ணோரம் ஊசி என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் என் வீட்டுக்காரர் தலையாட்டினார். கடைசியில் மருந்தைக் கொண்டுவந்திருக்கிறீர்களா என்று கேட்டார். நான் கைப்பையில் நிமிர்த்தியே வைத்திருந்த பாட்டிலைப் பத்திரமாக எடுத்துத் தந்து, சாய்த்துவிட வேண்டாம் என்றேன்.

ஏன் என்று கேட்டார். நான் விவரமாகச் சொன்னேன். வெள்ளைத் துகள் இருந்ததை, படியவிட்டதை, மேலே தெளிந்ததை மட்டும் எடுத்ததை. சொல்லச் சொல்ல எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பாட்டிலை இறுக்கமாகப் பிடித்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படபடவென்று குலுக்கினார். என் உடம்பு கூசியது. மூடியைத் திறந்து, மேசையில் கிடந்த கறுப்புக் கோப்பின் மேல் ஒரு சொட்டு விட்டார். பால் மாதிரி இருந்தது.

"இது அழுக்கு இல்லம்மா. இந்த வெள்ளைதான் மருந்து. தண்ணியில கரையாத மருந்து, அதான் குலுக்கிப் போடணும். நாலு நாளா நீங்க போட்டது பெரும்பாலும் வெறும் தண்ணி."

அவர் கடைக்காரர் ஒட்டிய சீட்டை நகத்தால் உரித்தார். அடியில் சின்ன எழுத்தில் அச்சடித்திருந்தது, பயன்படுத்தும் முன் நன்றாகக் குலுக்கவும்.

மருந்தை அழுக்கென்று ஒதுக்கிவிட்டு, நான்கு நாள், மணிக்கொரு தடவை, கண்ணைக் கெடுத்துக்கொண்டிருக்கிறேன். தெரியாதவள் யாராவது இருந்திருந்தால் அப்படியே விட்டுக் குணமாகியிருப்பாள். எனக்குத் தெரிந்த ஒரே வித்தைதான் என் கண்ணைக் குத்தியிருக்கிறது. வீட்டுக்காரர் பக்கம் திரும்பவே முடியவில்லை. அவர் கை என் தோளில் இருந்தது. எனக்கு ஆறுதல் சொல்லத்தான் வைத்தாரா, தான் விழாமல் இருக்கப் பிடித்துக்கொண்டாரா, இன்றுவரை கேட்கவில்லை.

டாக்டர் திட்டவில்லை. கண்ணோரம் ஊசி போட்டார். அந்த ஊசிமருந்துக் குப்பியை என் முகத்துக்கு நேரே எடுத்தபோது பழக்கதோஷத்தில் கழுத்து அதன் பக்கம் திரும்பியது. நானே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கண்பாப்பா பாதிக்குமேல் ஒட்டியிருக்கிறது, மூன்று நாள் பார்ப்போம், விட்டால் விடும், விடாவிட்டால் அதற்குமேல் என்ன என்று அப்போது பேசுவோம் என்றார்.

வீட்டுக்கு வந்து பாட்டிலைக் கையில் எடுத்தேன். குலுக்க வரவில்லை. மணிக்கட்டு பூட்டிக்கொண்டது. என் கண்ணுக்காகத்தான் என்று எவ்வளவு சொல்லியும் கை கேட்கவில்லை. அவர் வாங்கிக்கொண்டு, மேலும் கீழுமாக இருபது தடவை, ஏதோ இறுகிப்போன போல்ட்டைத் தளர்த்துகிற மாதிரி குலுக்கினார். வாய்விட்டு எண்ணினார். மூன்று நாளும் அவரே குலுக்கினார். வேலைக்குப் போகவில்லை. ஏதோ ஒரு கட்டடத்தில் எட்டு மாடியும் படியேறிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் தாடையைத் தாங்கியில் வைத்தேன். விளக்குக் கோடு வந்தது. நான் மனத்துக்குள் ஐந்து நொடி எண்ணினேன். தாண்டியது. பத்து. பதினைந்து. நல்ல குப்பிக்கு இவ்வளவு நேரம் ஆகாது என்று எனக்குத் தெரியும். நாற்பது வரை எண்ணினேன்.

"கீழ்ப்பக்கம் விட்டுடுச்சு" என்றார் டாக்டர். "மேல ஒரு ஓரம் ஒட்டினது ஒட்டினதுதான். அது இனி விடாது. பார்வை இருக்கும்."

அவ்வளவு அழுகை எங்கிருந்து வந்ததென்று தெரியாது. மருந்தெல்லாம் கரைந்து ஓடிவிடும் என்று அவர் சொல்லும்வரை அழுதேன்.

இதெல்லாம் நடந்து ஏழு மாதமாகிறது. சொட்டை மணிக்கொரு தடவையிலிருந்து நாளுக்கு ஒன்று என்று மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தினார்கள். பிறகு வந்த இடுப்பு எக்ஸ்ரேயில் மூட்டில் அழற்சி தெரிந்தது. இடுப்பில் எரிந்த அதே நெருப்புதான் கண்ணிலும் எரிந்திருக்கிறது. அதற்கு வேறு ஒரு டாக்டர், வேறு மாத்திரை. என் இடது கண்பாப்பா இப்போது வட்டமாக இல்லை, மேலே ஒரு மூலை இழுத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் ஆலையில் அப்படி ஒரு குப்பி வந்தால் நான் யோசிக்காமல் ஒதுக்கியிருப்பேன். என் தடுப்பில் அண்ணி உட்கார்ந்திருக்கிறார். நான் அட்டைப்பெட்டி ஒட்டுகிறேன். சாப்பாட்டு நேரத்தில் அவர் தட்டை எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்து உட்கார்ந்துவிடுகிறார், வெள்ளரிக்காயோடு.

இது திரும்ப வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதே கண்ணிலும் வரலாம், மற்றதிலும் வரலாம். வெளிச்சம் கூசினாலோ, சிவந்தாலோ, துணுக்கு தெரிந்தாலோ அன்றைக்கே வந்துவிட வேண்டும். அதனால் தினமும் காலையில் குளியலறையின் வெள்ளை டைல்ஸ் சுவரின் முன்னால் நிற்கிறேன். ஒரு கண்ணை மூடி ஐந்து நொடி, மறு கண்ணை மூடி ஐந்து நொடி. அவர் வாசலில் நின்று எண்ணுகிறார். பல் தேய்த்துக்கொண்டே எண்ணுவார், நுரையோடு வரும் எண்கள் எனக்கு மட்டும் புரியும். இடது கண்ணில் பழைய துணுக்கு ஒன்று தங்கிவிட்டது. அதன் உருவம் எனக்கு மனப்பாடம். வலது பக்கம் எப்போதும் சுத்தம்.

இன்று காலை இடது முடிந்து வலதுக்கு வந்தோம். அவர் ஐந்து வரை எண்ணி முடித்துவிட்டார். நான் வழக்கமாகச் சொல்லும் 'சரி'யைச் சொல்லவில்லை. அவர் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தார்.

சுவரின் ஓரத்தில், குழாய்க்குச் சற்று மேலே, சின்னதாக ஒன்று மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று தோன்றியது. சொன்னால் அது நிஜமாகிவிடும். சோப்பு நுரை என்று சொல்ல வாய்கூட வந்துவிட்டது. முன்னால் பதினைந்து நாள் மறைத்தேன், இந்தத் தடவை ஒரு மூச்சு நேரம்.

"வலது கண்ணுல ஒண்ணு தெரியுதுங்க."

அவர் வாயைக்கூடக் கொப்பளிக்கவில்லை. வெளிச்சம் கூசாமலிருக்க நான் போடும் கூலிங் கிளாஸையும் வண்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். உதட்டோரத்தில் நுரை இருந்தது. அதைத் துடைத்துவிட்டு, அவர் முகத்தை வலது கண்ணால் மட்டும் ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொண்டு கிளம்பினேன்.